ஒன்பது நாள் முந்தின கடல்

ஐப்பசி இடி மூன்றரை மணிக்கு இறங்கியது.
மார்த்தாண்டத்தில் அது சொல்லிவிட்டுத்தான் வரும்.
பிளக்கைப் பிடுங்க மறந்தது நான்.
கீழே பழம்பொரிக் கடையில் எண்ணெய் கொதித்தபடி இருக்க
மாடியில் யுபிஎஸ் ஒருமுறை இருமிச் செத்தது,
கூடவே சர்வரும்.

படகுச் சங்கத்தின் தளம் அதில் இருந்தது.
எந்த விசைப்படகு தேங்காப்பட்டணத்தை என்று விட்டது,
உள்ளே யார் யார், எத்தனை நாள் தங்கல்,
கரை எப்போது.
மாதம் நாலாயிரம் எனக்கு.
மூன்று மாதம் பாக்கி.

கருங்கலில் வீட்டு பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப்.
தினமும் இரவு இரண்டு மணிக்கு
நகல் தானாக வந்து அதில் இறங்கும்.
அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறினேன்.

படங்கள் நேற்றிரவு வரை பத்திரம்.
தரவுத்தளம் மட்டும்
ஒன்பது நாளாகப் பூஜ்யம் பைட்.
கோப்பின் பெயர் உண்டு, தேதி உண்டு,
உள்ளே ஒன்றும் இல்லை.
ஒன்பது இரவும் வெற்றுக் கூடையை
எண்ணி வாங்கி அடுக்கியிருக்கிறேன்.
கடவுச்சொல்லை மாற்றியதும் நான்தான்,
நகல் எடுப்பவனிடம் அதைச் சொல்லாததும் நான்தான்.

பத்தாவது இரவில் கனம் இருந்தது.
அதை ஏற்றினேன்.
நேற்றைய முகங்கள் ஒரு பக்கம்,
ஒன்பது நாள் முந்தின பெயர்கள் மறுபக்கம்.
ஒட்டியது, ஒரு மாதிரி.

குறுஞ்செய்தி நிரலை நிறுத்தி வைக்கத் தோன்றவில்லை.
அது விழித்தது,
இன்னும் அன்றைக்குத்தான் என்று நம்பியது,
நாற்பத்தொரு வீட்டுக்கு அனுப்பியது:
'கடலில் நலம். வியாழன் கரை சேர்வார்.'

விடியுமுன் போன்கள்.
'வந்து, மீனும் வித்து, திரும்பவும் போயாச்சு மக்கா,
இது எந்த வியாழன்?'
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு இரவிபுத்தன்துறையிலிருந்து எமெரென்சி.

பெல்லார்மின் வியாழன் வரை காக்கவில்லை.
திங்களே வந்துவிட்டார்,
ஐஸ் அறையில், சூரை மீன்களுக்குப் பக்கத்தில்.
அஞ்சலிப் பக்கத்துக்கு அவர் படத்தை
வெட்டிச் சீராக்கி ஏற்றியவன் நான்.
மன்னிப்புக்கு வார்த்தை தேடினேன்.
அவர் காத்திருக்கவில்லை.

'அவருக்க பேரு அந்த லிஸ்டில கெடக்கா?'
கிடக்கிறது என்றேன்.
'ஓனர் இல்லேன்னு சொல்லுதான்.
பேரு குடுக்காம ஏறினதாம்.
இன்சூரன்ஸ் கெடையாதாம்.'

அப்போதுதான் உறைத்தது.
போன வாரம் செயலாளர் கூப்பிட்டிருந்தார்:
'பதினொண்ணாவது வரி தப்பா ஏறினது, எடுத்துரு.'
ஏன் என்று கேட்கவில்லை.
அந்த நேரம் சாயா ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

அந்தப் பொத்தானும்
தொலைந்த ஒன்பது நாளுக்குள்ளே போய்விட்டது.
வரி மறுபடி நிற்கிறது:
சூ. பெல்லார்மின், நாற்பத்து மூன்று,
ஓ பாசிட்டிவ்,
நிலை: கடலில்.

பத்து மணிக்குச் செயலாளர்.
'பழசு எப்பிடி மேல வந்துச்சு? சரி பண்ணிரு.
பாக்கிய இன்னைக்கே போட்டு விடுதேன்.'
ம் என்றேன்.
அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று
அவரும் கேட்கவில்லை.

முப்பது நாளான நகல் தானே அழியும்:
நான் எழுதிய விதி.
இன்னும் இருபது நாள் இருந்தது.
விதியைத் தூக்கினேன்.
பட்டியலை அச்செடுக்கப் போனால் கருப்பு மை தீர்ந்திருந்தது,
நீலத்தில் விழுந்தது, பதினொன்றும்.
எமெரென்சி மடித்து ஜெபமாலைப் பைக்குள் வைத்தார்.
அந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்கப்போவதில்லை என்றார்,
அது வழக்குக்கு என்று.

ஒரு பென் டிரைவ் என் அரிசிப் பானைக்குள்.
அரிசி ஈரம் குடிக்கும், சிரிக்க வேண்டாம்.

இரவு இரண்டு மணி. பீரோ மேல் பச்சை விளக்கு மினுங்கியது.
இந்தத் தடவை தூங்கவில்லை.
இறங்கியதைத் திறந்து பார்த்தேன்.
உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.